கொடுத்ததும் கொடுத்து வைத்ததும்

விழுப்புரம், திண்டிவனம் சுற்று வட்டாரத்தில் மாடியும் முகப்பும் வைத்துக் கட்டிய வீடு ஒன்று புதிதாக எழும்பினால், அது யாருடைய வீடு என்று விசாரிப்பதற்கு முன்பே, அதற்குப் பணம் எந்தத் தேசத்திலிருந்து வந்தது என்று விசாரிக்கிறவர்கள் உண்டு. அப்படிக் கேட்பதை இங்கே யாரும் அநாகரிகமாக எண்ணுவதும் இல்லை. புதுச்சேரி பக்கத்தில் இருப்பதால், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நாளிலேயே அங்கிருந்து சைகோனுக்குச் சேவகம் செய்யப் போனவர்களும், பட்டாளத்தில் சேர்ந்து 'சொல்தா' என்று பெயரெடுத்தவர்களும் அனுப்பிய காசில் சுவர் எழுந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிரதேசம் இது. 1962 ஆகஸ்டு 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று இருந்துவிட்ட குடும்பங்களோடு எங்கள் பக்கத்தார் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொண்டதால், சாதாரண விவசாயக் குடும்பத்திலும் பாரிஸில் ஒரு அக்காள், ஒரு அத்தை என்று அகப்படுவார்கள். பிறகு சிங்கப்பூர் வந்தது, வளைகுடா வந்தது, கடைசியாக அமெரிக்கா வந்தது. ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி 2023-24இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த சுமார் 11,870 கோடி டாலரில் தமிழ்நாட்டின் பங்கு மட்டும் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல்.

இத்தனை காலமாக, இத்தனை பணம் வந்தும், அந்தப் பணத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை மட்டும் நம் குடும்பங்களில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அனுப்புகிறவர் அதைக் கொடுக்கிறாரா, கடனாகத் தருகிறாரா, அல்லது தமக்காக வீட்டை வாங்கிப் போடச் சொல்கிறாரா என்பதுதான் அந்தக் கேள்வி. கேட்டால் பாசத்துக்குப் பங்கம் வந்துவிடும் என்று வாங்குகிறவர் பயப்படுகிறார். சொன்னால் கணக்குப் பார்க்கிறவன் என்ற அபவாதம் வரும் என்று கொடுக்கிறவர் தயங்குகிறார். ஆகவே இருவரும் மௌனமாக இருக்க, பணம் வந்து சேர்கிறது, கிரயம் நடக்கிறது, கிருகப்பிரவேசமும் ஆகிறது. அந்தக் கேள்வி மட்டும் பத்து இருபது வருஷம் கழித்து, பெரும்பாலும் ஒரு சாவு வீட்டில், கேட்கத் தகாத வாயிலிருந்து புறப்பட்டு வருகிறது.

எங்கள் ஊரான திருவாமாத்தூரிலேயே ஒரு வீடு விலைக்கு வந்திருப்பதாக நான் சொன்னபோது, பிரான்சிலிருக்கும் என் அக்காள் தானும் ஒரு பங்கு போடுவதாகச் சொன்னாள். தொகை என் சேமிப்பைவிடப் பெரியது. "அக்கா, இத நீ எனக்குக் குடுக்கிறியா, இல்ல வீட்டுல உனக்கும் பங்குன்னு வச்சிக்கலாமா, எதுவா இருந்தாலும் எழுதிடலாம்" என்றேன். போனில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "என்னாடா பேச்சு இது, நான் என்ன மூணாம் மனுஷியா?" என்றாள். மூன்றாம் மனுஷியாக இருந்தால் இதை எழுதாமலே விட்டிருக்கலாம், வட்டிக்காரனிடம் எந்தக் குழப்பமும் கிடையாது என்று நான் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் யோசிக்கத் தொடங்கினாள்.

அவளைச் சம்மதிக்க வைத்தது என் சாமர்த்தியம் அல்ல, எங்கள் ஊர்க் கதைதான். தேவாரப் பாடல் பெற்ற அபிராமேசுவரர் கோயிலும், சுவாமியை எதிர்நோக்கித் தனிக் கோயிலில் இருக்கும் முத்தாம்பிகையும் இவ்வூரின் பிரசித்திக்குக் காரணம் என்பதையும், வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் இங்கே மடம் கண்டு 1898இல் சமாதியடைந்தார் என்பதையும் வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். இங்கே வட்டப்பாறை என்று ஒரு சந்நிதி உண்டு. வழக்குடையவர்கள் அங்கே நின்று சத்தியம் செய்வது பண்டைய வழக்கம். தம்பி நம்பி ஒப்படைத்த பொருளை அபகரித்த அண்ணன் ஒருவனை ஊரார் அங்கே அழைத்துச் சென்றார்களாம். அண்ணன் தன் கைத்தடியைக் குடைந்து, பொன்னையெல்லாம் அதற்குள் திணித்து, சத்தியம் செய்யும் வேளையில் "இதைச் சற்றுப் பிடி" என்று தடியைத் தம்பியின் கையிலே கொடுத்துவிட்டு, "என்னிடம் இருந்த பொருள் இப்போது என்னிடம் இல்லை, அவனிடமே இருக்கிறது" என்று அம்மன் முன்னிலையில் சொன்னான். சொன்ன வார்த்தையில் பொய் இல்லை. தடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அம்மனுக்கும் சக்தி இல்லை என்று பரிகசித்தபடியே போனவனைத் தும்பூர் எல்லையில் நாகம் தீண்டிற்று என்பது கர்ணபரம்பரை; தும்பூரில் நாகம்மன் கோயில் கொண்டிருப்பதற்கும் இதையே காரணமாகச் சொல்வார்கள்.

சிறு வயதில் நாங்கள் இருவரும் இந்தக் கதையைப் பாம்புக்காகக் கேட்டோம். இப்போது எனக்கு அந்தத் தடியின்மேல்தான் கண். ஒருவனுடைய பொன், இன்னொருவன் கையில், பிடித்திருப்பவனுக்கே தெரியாத நிபந்தனையோடு இருக்கிறது. இதைத்தான் நம் காலத்தில் பினாமி என்கிறார்கள். 1988இல் வந்து, 2016இல் கடுமையாகத் திருத்தப்பட்ட பினாமிச் சட்டத்தின்படி, ஒருவர் பணம் கொடுத்து, வீட்டின் பலன் தமக்கே என்று வைத்துக்கொண்டு, பத்திரத்தை மட்டும் வேறொருவர் பெயரில் எழுதினால் அந்தச் சொத்து பறிமுதலாகலாம். சம்பந்தப்பட்டவர்களுக்கு ஒன்று முதல் ஏழு வருஷம் வரை சிறையும், சந்தை மதிப்பில் கால் பங்கு வரை அபராதமும் உண்டு. மனைவி பெயரிலோ பிள்ளைகள் பெயரிலோ கணக்குள்ள பணத்தில் வாங்கினால் குற்றமில்லை. உடன்பிறந்தவர் பெயரில் வாங்குவதற்கும் விலக்கு உண்டு. ஆனால் பணம் போட்டவருடைய பெயரும் கூட்டு உரிமையாளராக ஆவணத்தில் இருந்தாக வேண்டும். எனவே, "வீடு உன் பேர்ல இருக்கட்டும், ஆனா அது என்னுது" என்று அண்ணன் தம்பிக்குள் சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொள்ளும் அந்த ஒரு வாக்கியம் சட்டத்தின் எதிரே நிற்காது. மனதாரக் கொடுத்தால் கொடுத்ததாகவே இருக்க வேண்டும். பங்கு வேண்டுமானால் பத்திரத்தில் பெயர் ஏற வேண்டும். கடன் என்றால் கடன் சீட்டு வேண்டும். நான்காவது வழி கிடையாது.

அக்காள் பிரெஞ்சுப் பிரஜை என்றாலும், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவள், அவள் இங்கே வீடு வாங்கலாம், விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும்தான் வாங்கக் கூடாது. ஆகவே கூட்டாகப் பதிவதற்குத் தடை ஏதும் இல்லை. "அப்புறம் ஒவ்வொரு கையெழுத்துக்கும் நான் பிளேன் ஏறணுமா? வேணாம், நீயே வச்சிக்க" என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பவர் எழுதிக் கொடுத்து அந்தப் பிரயாணத்தைத் தவிர்க்கலாம் என்று நான் எடுத்துச் சொல்லியும் அவள் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

கொடுப்பது என்று தீர்மானமான பிறகு, எவ்வளவு கொடுப்பது என்பதைத் தீர்மானித்தது பிரான்ஸ் தேசத்து வரிச் சட்டம். நாம் நம் பக்கத்துச் சட்டத்தையே புரட்டிக்கொண்டிருக்கிறோம். கொடுக்கிறவர் வாழும் தேசத்துக்கும் ஒரு சட்டம் உண்டு என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் இந்தத் தொல்லை கிடையாது. அமெரிக்காவில் ஒருவர் இன்னொருவருக்கு 2025ஆம் ஆண்டில் 19,000 டாலருக்கு மேல் கொடுத்தால், பெரும்பாலும் வரி வராவிட்டாலும், கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பிரான்சிலோ பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்தால் பதினைந்து வருஷத்துக்கு ஒரு முறை 1,00,000 யூரோ வரை விட்டுக்கொடுக்கும் சர்க்கார், உடன்பிறந்தாருக்கு வெறும் 15,932 யூரோவோடு கையை மடக்கிக்கொள்கிறது. அதற்கு மேல் போனால் முதலில் 35 சதவீதம், பிறகு 45 சதவீதம். அத்தான் இதைக் கேட்டு வந்து சொன்னதும், அக்காளின் பெருந்தன்மை அந்த எல்லைக்குள் அடங்கி, நம் ரூபாயில் பதினைந்து லட்சத்தை ஒட்டி வந்து நின்றது.

நம் வருமான வரிச் சட்டம் இந்த விஷயத்தில் தாராளமானது. 1958இல் வந்த நன்கொடை வரிச் சட்டம் 1998 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டது. இப்போது உறவினரிடமிருந்து எவ்வளவு பெற்றாலும் பெறுகிறவருக்கு வரி இல்லை. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் பெற்றால் முழுத் தொகையுமே வருமானமாகிவிடும். கலியாணத்தில் வரும் மொய்க்கு யாரிடமிருந்து வந்தாலும் விலக்கு. இதில் யார் உறவினர் என்பதற்குச் சட்டம் ஒரு ஜாபிதா வைத்திருக்கிறது: கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தார், துணைவரின் உடன்பிறந்தார், தாய் தந்தையரின் உடன்பிறந்தார், நேர் மேல்வழி கீழ்வழியினர், இவர்களுடைய துணைவர்கள். பெரியப்பா பணம் கொடுக்கலாம், பெரியம்மா கொடுக்கலாம்; அதே வீட்டில் பிறந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்து, நாம் அண்ணன் என்று கூப்பிடும் பெரியப்பா மகன் கொடுத்தால் வரி. துபாயிலிருக்கும் பங்காளி வீட்டு அண்ணன் பணம் கொடுத்து மனை வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு, சொந்த அண்ணனுக்கும் இந்த அண்ணனுக்கும் உள்ள பேதத்தை நோட்டீஸ் வந்த பிறகுதான் சர்க்கார் கற்றுக்கொடுக்கிறது.

அக்காள் எழுதிய கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை. இருவருடைய பெயர், விலாசம், உறவுமுறை, அவள் பாஸ்போர்ட் எண், என் பான் எண், எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு எவ்வளவு தொகை, அது தன் சம்பாத்தியம் என்ற உறுதி, "உடன்பிறந்த பாசத்தின் நிமித்தம், பிரதிபலன் எதிர்பாராமல், திரும்பப் பெறும் உத்தேசமின்றி" என்ற ஒரு வரி, வாங்கப்போகும் வீட்டில் தனக்கோ தன் வாரிசுகளுக்கோ உரிமை இல்லை என்ற மறு வரி. கீழே நான் ஏற்றுக்கொண்டதற்கு என் கையெழுத்து. அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்கப் பதிவு செய்த பத்திரம் அவசியமில்லை, கைமாறினாலே போதும் என்பது 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம். ஆனால் கொடுத்தவர் உயிரோடிருக்கும்போதே பெற்றவர் ஏற்றிருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதால் அந்த இரண்டாவது கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். கடிதத்தின் முதல் நகலில் அவள், "பொங்கலுக்கு வந்தால் மாடி அறை எனக்கு" என்றும் எழுதியிருந்தாள். அது வேடிக்கையா நிபந்தனையா என்று நாளைக்கு எந்த அதிகாரியும் யோசிக்க வேண்டியதில்லை என்று ஆடிட்டர் அடித்துவிட்டார். மாடி அறை அவளுக்குத்தான், அதில் சந்தேகமில்லை.

இந்தக் கடிதத்தை முதலில் கேட்டது வருமான வரிக்காரர்கள் அல்ல, வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கி. பதினைந்து லட்சம் கடனாக வந்திருந்தால், மாதத் தவணை கட்டும் என் சக்தி அந்த அளவுக்குக் குறைகிறது என்பது அவர்கள் நியாயம், மறுக்க முடியாது. அதோடு, கிரயச் செலவை வங்கி தலையில் கட்டவும் முடியாது: தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணம் 2 சதவீதம், நாற்பது லட்சத்து வீடு என்று வைத்துக்கொண்டால் 3,60,000 ரூபாய் கையிலிருந்து போகும். பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் ஒரு சலுகை வந்தது. என் மனைவி மிகுந்த ஆர்வத்தோடு அதை விசாரித்தாள். பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான் என்று தெரிந்ததும் ஆர்வம் தணிந்தது.

பணம் வரும் மார்க்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உண்டியல் என்றும் ஹவாலா என்றும் சொல்லப்படும் குறுக்கு வழியில் இரண்டு காசு அதிகம் கிடைக்கும் என்று ஆசை காட்டுகிறவர்கள் இன்னும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தப் பணம் ரொக்கமாக வரும், ரொக்கத்துக்கு ஊர் பெயர் கிடையாது. அக்காள் கொடுத்தாள் என்று நிரூபிக்க ஒரு துண்டுச் சீட்டும் இராது. நேரே வங்கிக் கணக்குக்கு, தனிப்பட்ட நன்கொடை என்ற நோக்கக் குறியீட்டோடு அனுப்பச் சொல்லி, வரவுச் சான்றை வங்கியில் கேட்டு வாங்கி, கடிதத்தோடு சேர்த்து வைத்தேன். இன்னொன்று: அனுப்புகிறவர் இந்தியப் பிரஜையாக இருந்து வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர் என்றால் இந்தச் சங்கடம் இல்லை, அக்காளைப் போல வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரானால், உறவினரேயானாலும், ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்துக்கு மேல் வந்தால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மூன்று மாதத்துக்குள் மத்திய உள்துறைக்கு எஃப்.சி.-1 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டம் தொண்டு நிறுவனங்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்த என் நண்பர்கள் எல்லோரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்கள்.

வீட்டை விற்றவர் நல்ல மனிதர். ஆனால் பழைய வழக்கத்தை விடாதவர். "பாதிய பேங்க்ல போட்டுடுங்க, மீதிய கையில குடுத்துடுங்க, ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார். சொத்துக் கிரயத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2015 முதல் விதி, மீறினால் வாங்கிய தொகை முழுவதுக்கும் சமமான அபராதம் வாங்கினவர் தலையில்தான் விழும் என்று சொன்னபோது, "அப்ப எனக்குத்தான் ஆபத்தா!" என்று அவர் முகம் மாறியது. முழுத் தொகையும் காசோலையாகவே போயிற்று.

கோயில் உள்ள ஊரில் வீடு வாங்குகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முந்திப் பார்க்க வேண்டியது, அந்த மனை கோயிலுடையதா என்பதே. வீடு விற்கிறவருடையதாக இருக்கும், அடிமனை சுவாமியுடையதாக இருக்கும். தலைமுறை தலைமுறையாக வாடகை கட்டி வருவார்கள், அல்லது கட்டாமலும் இருப்பார்கள். அறநிலையத்துறைக்கு உட்பட்ட நிலத்தைப் பதிவு செய்யச் சட்டமே தடுக்கிறது. முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்ப்பதோடு நிற்காமல், கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் 'ஏ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். நத்தம் என்றிருந்தது, பட்டாவும் விற்பவர் பெயரில் இருந்தது. நெடுஞ்சாலை ஓரம் கலர் கொடி கட்டி விற்கும் மனைகள் இந்த வீட்டைவிட மலிவுதான். ஆனால் அவற்றுள் எது அங்கீகாரம் பெற்ற மனை, எது 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவாகிப் பின்னர் வரன்முறைப்படுத்தியது, எது இரண்டும் இல்லாதது என்று பிரித்தறிய ஒரு ஆயுள் வேண்டும்.

மழையிலும் போய்ப் பார்க்க வேண்டும். பம்பை ஆற்றைப் பற்றி எங்கள் ஊரில் இன்னொரு கதை உண்டு. கண்ணில்லாதவர் ஒருவரும் கால் நடவாதவர் ஒருவருமாகிய இரட்டைப் புலவர்கள் திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடியபோது, கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டார்களாம்; அவையோர் குற்றம் சொல்ல, அன்றிரவே பெருமழை பெய்து, ஆறு தன் வழியை மாற்றிக்கொண்டு பாட்டை மெய்யாக்கிற்றாம். புலவர்களுக்கு அது பெருமை. அந்தக் கரையில் மனை வாங்கியிருந்தவனை யாரும் பாடவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டி, மாவட்டமே வெள்ளக்காடானபோது, நான் பார்த்து வைத்திருந்த மலிவான மனை ஒன்று தண்ணீருக்குள் போயிருந்தது. இந்த வீட்டு வாசற்படி நனைந்ததோடு சரி. அக்காளுக்கு நான் அனுப்பிய படங்களில் அவளுக்கு மிகவும் பிடித்தது அந்த ஈரப் படிதான்.

பத்திரம் முடிந்து பட்டாவும் மாறிவிட்டது. அக்காள் மகன் பிரான்சில் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். தானும் மாமாவுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று பிரியப்பட்டு, மாடிக்குத் தளம் போடப் பணம் அனுப்புவதாகச் சொன்னான். இங்கேதான் சட்டம் நம் ஊர் வழக்கத்தை அறிந்து எழுதினது போல இருக்கிறது. தாய்மாமன் மருமகனுக்கு எவ்வளவு கொடுத்தாலும் வரி இல்லை. மருமகன் மாமனுக்குக் கொடுத்தால், என் ஜாபிதாவில் அவன் இல்லாதபடியால், 50,000 ரூபாய்க்கு மேல் போனால் வரி. சீர் செய்ய வேண்டியவன் மாமன்தான், வாங்கிக்கொள்ள வேண்டியவன் அல்லன் என்று டில்லியில் யாரோ நினைத்திருக்கிறார்கள். அவனுக்கு இதை விளக்கிச் சொன்னேன். பணமாகக் கொடுத்தால்தான் இந்தக் கணக்கு. சாமானாகக் கொடுத்தால், அது நகை, சித்திரம், சிற்பம், பங்குப் பத்திரம் போன்று சட்டம் குறித்துச் சொல்லும் பொருளாக இல்லாத வரையில், சட்டம் கண்டுகொள்வதில்லை. விழுப்புரத்துக் கடையொன்றில் போர்வெல் மோட்டாருக்கு அவனே நேராகப் பணம் கட்டிவிட்டான். ஒன்றரை குதிரைத்திறன், அடுத்த வாரம் இறக்குகிறார்கள்.